ஐசக் சார் வீட்டு மாடிக்குக் காத்து வரலை

அதைத்தான் நானும் கேக்கறேன் தம்பி. ஒரே ஏசி மெஷின், ஒரே கரன்ட்டு, ஒரே வீடு. கீழ இந்த ஹால்ல நின்னா வேட்டி பறக்குது. மேல ரூம்ல போய் ஒரு மெழுகுவத்தி ஏத்தி வச்சா அது அட்டென்ஷன்ல நின்னு எரியுது. கீழ கொடைக்கானல், மேல வேலூர். இது எந்த ஊரு நியாயம், சொல்லுங்க. மூணு மெக்கானிக் வந்து பாத்துட்டுப் போயாச்சு, நீங்க நாலாவது...

ஏணியை நல்லா விரிச்சுப் போடுங்க, அந்த டைல்ஸ் வழுக்கும். நான் பிடிச்சுக்கறேன். பயப்படாம ஏறுங்க, இருபத்தெட்டு வருஷம் பி.டி. மாஸ்டரா இருந்தவன் நான். பிடிச்சா பிடிச்சதுதான். சேலையூர்ல வந்து ஐசக் சார் வீடு எதுன்னு கேட்டா... ஆமா, நீங்க யார்கிட்ட கேட்டு வந்தீங்க? டீக்கடையிலயா? என்ன சொன்னான்? "விசில் சார் வீடா"ன்னா? பாத்தீங்களா. ரிட்டையர் ஆகி எட்டு வருஷம் ஆச்சு, இன்னும் விசில் சார்தான். அவனை நான் கிரவுண்டைச் சுத்தி ஓட விட்டிருக்கேன், அந்தக் கோவம் அவனுக்கு. அவன் டீயில சக்கரை கம்மியா போடறதே அதுக்காகத்தான்.

ஏணியா? நம்மளுதுதான். புதுசு மாதிரி இருக்கா? புதுசுதான், மார்ச் மாசம் வாங்கினேன். எதுக்குன்னா... சும்மா. பல்பு மாத்த. வீடுன்னா ஒரு ஏணி வேணும்ல.

மணி என்ன ஆகுது? ரெண்டே கால். நாலு மணிக்குள்ள முடிச்சிருவீங்கல்ல? ஏன் கேக்கறேன்னா, என் பையன் காலேப்பும் மருமக ஜெரூஷாவும் பேரனைக் கூட்டிக்கிட்டு பெருங்களத்தூர் போயிருக்காங்க. எதுக்கு? ஃப்ளாட் பாக்க. சொந்தமா இவ்வளவு பெரிய வீட்டை வச்சுக்கிட்டு வாடகைக்கு ஃப்ளாட். ஏன்னா இந்த வீட்டு மாடியில காத்து வரலையாம். தூங்க முடியலையாம். "மாமா, கத்திரி முடியறவரைக்கும் கூட தாங்காது, நாங்க பாத்துக்கிட்டுப் போயிடறோம்"னா. யாரு? ஜெரூஷா. அவ ஒண்ணு சொன்னா சொன்னதுதான், பேங்க்ல வேலை பாக்கற பொண்ணு. அவங்க வந்து கேட்டைத் திறக்கறப்ப மேல காத்து வரணும் தம்பி. சும்மா இல்ல, ஜன்னல் துணி ஆடணும். அதை அவங்க கண்ணால பாக்கணும். அப்புறம் பெருங்களத்தூராவது ஒண்ணாவது.

அங்க என்ன பாக்கறீங்க? காத்தை உள்ள இழுக்கற கிரில்லா? அதைக் கழட்டிக் கழுவியாச்சு. முதல் மெக்கானிக் வந்ததும் அதைத்தான் பண்ணாரு. "சார், ஃபில்டர் பூரா ஜி.எஸ்.டி. ரோடு தூசி"ன்னாரு. ஜி.எஸ்.டி. ரோடு எங்க இருக்கு, நாங்க எங்க இருக்கோம்? இருந்தாலும் கழுவினாரு, சோப்புத் தண்ணி போட்டு. போனாரு. ராத்திரி அதே வேலூர்தான். ரெண்டாவது ஆளு கேஸ் கம்மின்னாரு. நானும் ஆமா ஆமான்னு தலையாட்டினேன். எனக்கென்ன தெரியும்? மூணாவது ஆளு இருக்காரே, அவரு மெஷினையே திறக்கலை. மொட்டை மாடிக்குப் போனாரு, தரையில கை வச்சாரு, கை சுட்டுப்போச்சு, இறங்கி வந்துட்டாரு. "மேல வெயில் இறங்குது சார், வெள்ளை பெயின்ட் அடிங்க"ன்னாரு. அதைப் பக்கத்து வீட்டு தட்சிணாமூர்த்தி காம்பவுண்ட் சுவர்கிட்ட நின்னு கேட்டுட்டாரு. அவ்வளவுதான். அவரு மச்சான் பெயின்ட் கடை வச்சிருக்காரு.

தட்சிணாமூர்த்தியைப் பத்திச் சொல்லணும். இந்தத் தெருவே ஒரு காலத்துல அவங்க நெல்லு போட்ட நிலம். நாம எல்லாம் அவங்க அப்பாகிட்ட கிரவுண்டு கணக்குல மனை வாங்கினவங்கதான். அதனால இன்னிக்கும் நம்ம வீட்டு விஷயத்துல அவருக்கு ஒரு பாத்தியதை உண்டுன்னு நினைப்பு. காலையில வாக்கிங் போறப்ப, "ஐசக் சார், மேல காத்து வந்துதா?"ன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி கேப்பாரு. என்னமோ எனக்கே மூச்சு நின்னுபோன மாதிரி. "வந்துரும் சார்"னு சொல்லிட்டு நடையைக் கட்டுவேன்.

உங்க பேரு என்ன சொன்னீங்க? சவுரிமுத்து. பொத்தேரிலயா வீடு? காலேஜ் பசங்க ஹாஸ்டல் பூரா உங்க கைவேலைதானா? அப்ப நல்லா தெரிஞ்சிருக்கும். அந்த ஹாஸ்டல்ல எல்லாம் ரூமுக்கு ஒரு மெஷின் இருக்கும்ல, சுவத்துல. அதுதான் எனக்கும் பிடிக்கும். உன் ரூமுக்கு உன் காத்து, என் ரூமுக்கு என் காத்து. காலேப் கேக்கலை. "டாடி, சுவத்துல பெட்டி பெட்டியா தொங்கினா அசிங்கமா இருக்கும். ஒரே மெஷின், மாடிப்படிக்கு மேல மறைச்சு வச்சிரலாம், அங்கேருந்து தகரக் குழாய் கீழ பாதி, மேல பாதி"ன்னான். ஆபீஸ்ல அப்படி இருக்குதாம். வீடு ஆபீஸா? கேக்க முடியுமா. போன பிப்ரவரில போட்டாங்க. ரெண்டு நாள் வேலை. காலேப்பும் ஜெரூஷாவும் வேலைக்குப் போயிட்டாங்க, நான்தான் கூட இருந்து டீ போட்டுக் கொடுத்தேன். மாட்ட வந்தவரு தங்கமான மனுஷன். எல்லாத்தையும் எனக்கு விளக்கினாரு. "சார், இதோ இந்த இடத்துல குழாய் ரெண்டாப் பிரியுது, இது கீழ போகுது, இது மேல போகுது, இதோ இதுல..."

சரி, அது எதுக்கு இப்ப.

இல்ல இல்ல, அந்தப் பரண் பக்கம் போகவேணாம் தம்பி. அங்க ஒண்ணும் இல்ல. கிறிஸ்மஸ் ஸ்டார், குடில் சாமான், எங்க வீட்டம்மா வச்ச பித்தளை அண்டா, அவ்வளவுதான். பல்லி இருக்கும். நீங்க அந்த ஃபேன் பக்கம் பாருங்களேன். ஃபேன் வேகத்தைக் கொஞ்சம் கூட்டி விட்டா மேல தள்ளிக்கிட்டுப் போயிடாதா? போகாதா? சும்மா முயற்சி பண்ணிப் பாருங்க. பண்ணிட்டாங்களா, முன்னாடி வந்தவங்க? பண்ணாங்க, பண்ணாங்க. ராத்திரி பாத்தா கீழதான் புயல் அடிச்சுது. சுவத்துல காலண்டர் கழண்டு விழுந்துது.

நீங்க ரொம்ப அமைதியான ஆளு. மத்தவங்க வந்ததுலேருந்து பேசிக்கிட்டே இருந்தாங்க. நீங்க பேசவே மாட்டேங்கறீங்க, சிரிக்கத்தான் செய்றீங்க. என்ன சிரிப்பு? சரி, சிரிங்க.

விஷயம் என்னன்னா, எங்க வீட்டுல எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். முப்பத்தஞ்சு வருஷமா. கல்யாணம் ஆன அன்னிக்கு ராத்திரி ஆரம்பிச்சது. இதோ இந்த ஹால்ல, இந்த இடத்துல பாய் போட்டு. பாட்டுக்கு ஜென்சி, அதான் எங்க வீட்டம்மா. ஜெபத்துக்கு நான். நான் ஆரம்பிச்சா ஊரு உலகம் எல்லாத்துக்கும் ஜெபம் பண்ணித்தான் முடிப்பேன். மழைக்கு, வெயிலுக்கு, ஸ்கூல் டீம் ஜெயிக்கறதுக்கு. ஒரு தடவை காலேப் நடுவுலயே தூங்கிட்டான், ஆமென் சொன்னப்புறம் தூக்கிக்கிட்டுப் போய்ப் படுக்க வச்சோம். ஜென்சி போய் நாலு வருஷம் ஆச்சு. அப்புறமும் நிக்கலை. பாட்டை ஜெரூஷா எடுத்துக்கிட்டா, நல்ல குரல், ஆனா ஒரு சுருதி மேல தூக்கிடுவா, எனக்கு எட்டாது. பரவாயில்ல. எட்டு மணின்னா நாலு பேரும் இங்க இருப்போம்.

இந்தச் சனியன் மெஷின் வந்துது பாருங்க. மேல ரூம் ஜில்லுனு ஆயிடுச்சு. ஏழரைக்குக் கதவைச் சாத்தினா அவ்வளவுதான். முதல் நாள் எட்டு மணிக்கு நான் இங்க பாய் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். மேலேருந்து காலேப் எட்டிப் பாத்து, "டாடி, மேல வாங்களேன், ஜில்லுனு இருக்கு, இங்கயே ஜெபம் பண்ணிக்கலாம்"ங்கறான். மேல வாங்களேனா. முந்நூறு பிள்ளைங்களை ஒரு விசில்ல வரிசையா நிக்க வச்சவன் நான். என்னை மேல வான்னு கூப்பிடறான். "முழங்கால் வலிடா, படியேற முடியாது"ன்னேன். சரி டாடின்னான். போயிட்டான்.

போயே போயிட்டான் தம்பி. வற்புறுத்துவான்னு நினைச்சேன். ரெண்டாவது நாளும் கூப்பிட்டான், அதையேதான் சொன்னேன். மூணாவது நாள் எபி, பேரன், ஆறு வயசு, அவன் வந்து கூப்பிட்டான். அவன்கிட்டயும் முழங்கால்னு சொல்லிட்டேன். அவன் என் முழங்காலை ஒரு தடவை தடவிக் கொடுத்துட்டு மேல ஓடிட்டான். அப்புறம் யாரும் கூப்பிடலை. நான் கீழ தனியா ஜெபம் பண்ணேன். மேல அவங்க பாடறது கேக்கும். நான் மூணு நிமிஷத்துல முடிச்சிட்டேன். எனக்கு யாருக்காக ஜெபம் பண்றதுன்னே தெரியலை. எல்லாரும் மேல ஜில்லுனு இருக்காங்க.

முழங்கால் வலி நிஜம்தான் தம்பி. டாக்டர்கிட்ட கேட்டுப் பாருங்க. ஏணியா? ஏணி வேற, மாடிப்படி வேற. ஏணில கையில பாரம் போயிடும்.

சரி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். சும்மா தெரிஞ்சுக்கத்தான். ஒரு வீட்டுல, நம்ம வீடுன்னு வச்சுக்க வேணாம், வேற ஏதோ ஒரு வீடு. அங்க இதே மாதிரி தகரக் குழாய் ரெண்டாப் பிரியுது. அதுக்குள்ள ஒரு தகடு இருக்கும்ல? கதவு மாதிரி. வெளிய அதுக்கு ஒரு கைப்பிடி இருக்கும். கைப்பிடி குழாய் போற பக்கமே நின்னா காத்து போகும், குறுக்க திருப்பினா நின்னுடும். அந்தக் கைப்பிடி கழண்டு கையோட வந்துருச்சுன்னு வச்சுக்குங்க. உள்ள தகடு சாத்தினது சாத்தினபடியே நிக்குது. அதை மறுபடி மாட்ட முடியுமா? முடியும். நல்லது. எவ்வளவு நேரம் ஆகும்? பத்து நிமிஷம். பத்தே நிமிஷமா? சரி சரி. சும்மாதான் கேட்டேன். தட்சிணாமூர்த்திக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வீட்டுல.

மணி என்ன? ரெண்டே முக்காலா? கடிகாரம் வேற ஓடுது இன்னிக்கு.

சவுரிமுத்து... அப்ப நீங்க ஆர்.சி.தானே? கத்தோலிக்கு. நாங்க புராட்டஸ்டன்ட்டு. உங்க கோயில்ல அந்தப் பாவசங்கீர்த்தனம் உண்டுல்ல? ஒரு ஓட்டை ஓட்டையா இருக்கற பலகைக்கு அந்தப் பக்கம் சாமியார் உக்காந்திருப்பாரு, இந்தப் பக்கம் நீங்க போய்ச் சொல்வீங்க. அவரு வெளிய யார்கிட்டயும் சொல்லக்கூடாதுல்ல? சொல்லவே கூடாதுல்ல? நல்ல ஏற்பாடு அது. எங்க சபையில கிடையாது. நாங்க நேரா கடவுள்கிட்டயே சொல்லிக்கணும், அவருக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே, சொல்லி என்ன பிரயோஜனம்? எங்க ஆயர்கிட்ட சொன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல உதாரணமா வந்து நிக்கும். பேரு சொல்லமாட்டாரு. ஆனா சொல்லி முடிக்கறவரைக்கும் என்னையே பாத்துக்கிட்டிருப்பாரு.

இப்ப நீங்க ஏணி மேல இருக்கீங்க. நான் கீழ இருக்கேன். நடுவுல அந்த ஓட்டை ஓட்டையா இருக்கற கிரில் இருக்கு. அதுக்குப் பின்னாடி கொஞ்சம் தலையை வச்சுக்குங்களேன். ஒரு நிமிஷம்தான். என்னைப் பாக்காதீங்க. ம்... அப்படித்தான்.

அந்த வேற ஏதோ வீடு இல்ல தம்பி. இந்த வீடுதான்.

அந்தத் தகடு பரண்லதான் இருக்கு. ஸ்டார் அட்டைப்பெட்டிக்குப் பின்னால. மாட்ட வந்தவரு எனக்கு மட்டும்தான் காட்டினாரு. மார்ச் மாசம் ஒரு சாயந்தரம் ஏழரைக்கு, அவங்க மேல கதவைச் சாத்தினதும், சும்மா ஒரு கால் வட்டம் திருப்பிப் பாத்தேன். ஒரு பரிசோதனைதான். எட்டு மணிக்கு எபி வந்து, "தாத்தா, மேல புழுக்கமா இருக்கு"ன்னு இங்க உக்காந்துட்டான். அவன் பின்னாலயே காலேப். அவன் பின்னால ஜெரூஷா. பாய் போட்டோம், பாட்டு, ஜெபம், நான் தமிழ்நாட்டு மாவட்டம் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஜெபம் பண்ணேன், எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒன்பதரைக்கு அவங்க பல்லு விளக்கறப்ப ஏறித் திருப்பி விட்டுட்டேன். மேல போனா ஜில்லுனு இருக்கு. "இப்ப சரியாயிடுச்சு டாடி"ன்னான். "ஜெபத்தோட மகிமைடா"ன்னேன்.

சிரிக்காதீங்க. ஏணி ஆடுது.

மார்ச், ஏப்ரல் பூரா இதான். தினம் ஏழரைக்கு ஏறு, ஒன்பதரைக்கு ஏறு. பி.டி. மாஸ்டர் உடம்பு இன்னும் கெட்டுப்போகலை. மெக்கானிக் வர்றது பகல்ல, அப்ப அது நேராத்தான் இருக்கும், அவங்க வந்து கை வச்சுப் பாத்தா நல்லா வரும். அதான் அவங்களுக்கு ஒண்ணும் பிடிபடலை. பாவம், அந்த ரெண்டாவது ஆளு கேஸ் அடிச்சே போட்டுட்டாரு. ஆனா ஒரு தப்பு பண்ணிட்டேன். ஆசை அதிகமாயிடுச்சு. மே மாசம் வெயில் ஏறிச்சு. ஒரு நாள் ஒன்பதரைக்குத் திருப்பி விடலை. மறந்துட்டேன்னு வச்சுக்குங்களேன். அவங்க தலையணையை எடுத்துக்கிட்டு இறங்கி வந்து ஹால்ல படுத்துட்டாங்க. நாலு பேரும் வரிசையா. எபி என் பக்கத்துல. அவன் தூக்கத்துல காலைத் தூக்கி என் வயித்துல போடறான், நான் தூங்கவே இல்ல, அப்படி ஒரு நிம்மதி. அதனால மறுநாளும் மறந்துட்டேன்.

இப்படியே நாலஞ்சு நாள். அப்புறம் போன சனிக்கிழமை காலேப்புக்கு இடுப்புப் பிடிச்சுக்கிச்சு. தரையில படுத்துப் பழக்கம் இல்ல. சரி, பாவம், இன்னிக்குத் திறந்து விட்டுருவோம்னு ஏறினேன். தகடு அசையலை. இத்தனை நாள் அப்படியே நின்னதுல பிடிச்சுக்கிட்டிருக்கு. அழுத்தித் திருப்பினேன். கொஞ்சம் கூடவே அழுத்திட்டேன் போல. டக்குனு ஒரு சத்தம். ஸ்க்ரூ ஒடிஞ்சு கைப்பிடி என் கையில இருக்கு. நானும் ஏணி மேல இருக்கேன். கீழ ஜெரூஷா, "மாமா, என்ன சத்தம்?"ங்கறா. "பல்லி"ன்னேன்.

ஒரு வாரமா தகடு சாத்தினபடியே, காலேப் இடுப்புக்காக அவங்க மேல கட்டில்லயே வேர்த்துக்கிட்டுப் படுக்கறாங்க. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இடுக்கி வச்சுத் திருப்பிப் பாத்துட்டேன், வரலை. இப்ப நிஜமாவே மேல காத்து வரலை. ரெண்டு நாளா ஃப்ளாட் ஃப்ளாட்டுன்னு பேச்சு. "டாடி, நீங்களும் வாங்க"ன்னு ஒரு வார்த்தை காலேப் சொன்னான். மூணாவது மாடியாம். லிஃப்ட் இருக்காம். நான் எங்க போவேன்? ஜென்சி போட்ட பாயை எடுத்துக்கிட்டு லிஃப்ட்டுல ஏறவா? அவங்களை இந்த ஹால்ல உக்கார வைக்கணும்னு பண்ணேன். வீட்டை விட்டே போகப் போறாங்க. என் கையாலயே.

கைப்பிடியா? பத்திரமா இருக்கு. இதோ, இந்தக் கோயில் பையில. பாட்டுப் புத்தகம், கண்ணாடி, சளி மாத்திரை, அதுக்கு அடியில. இதை யாரும் தொடமாட்டாங்க. ஜிப் இருக்கு. இந்தாங்க. பிடிங்க. இப்ப வேணும்னா பரண் பக்கம் போங்க. ஸ்டாரை மட்டும் மிதிக்காதீங்க.

ஒரு உதவி. காலேப் கேட்டா, "எலி கடிச்சிருக்கு"ன்னு சொல்லிருங்க. தகடை எலி கடிக்காதா? ஸ்க்ரூவைத் தளர்த்தியிருக்கும்னு சொல்லுங்க. பெரிய எலி. பொய் சொல்லமாட்டீங்களா? அப்ப ஒண்ணும் சொல்லாதீங்க, இவ்வளவு நேரம் இருந்த மாதிரியே இருந்துருங்க, அது உங்களுக்கு நல்லா வருது.

பரவாயில்லையே, கைப்பிடிக்கு வேண்டிய ஸ்க்ரூ உங்க சட்டைப் பையிலயே இருக்கே. சரியான அளவா? எப்படித் தெரியும் இந்த அளவுதான்னு? எப்பவும் வச்சிருப்பீங்களா? நல்ல பழக்கம்.

என்னது? மேல யாராவது கை வச்சுப் பாக்கணுமா? காத்து எவ்வளவு வருதுன்னு பாத்து மேலேருந்து சொல்லணுமா? நானா? முழங்கால்... சரி சரி, அப்படிப் பாக்காதீங்க. போறேன். பதினெட்டு படி. எண்ணி வச்சிருக்கேன்.

ஒண்ணு... ரெண்டு... நீங்க ஏணியை விட்டுடாதீங்க, நான் பிடிக்காம நிக்குதுல்ல? எட்டு... ஒன்பது... பதினெட்டு. அப்பாடி.

வந்துட்டேன். சவுரிமுத்து, கேக்குதா? வந்துட்டேன். பிப்ரவரிக்கு அப்புறம் இப்பதான் இந்த ரூமுக்குள்ள வர்றேன். அடுப்பு மாதிரி இருக்கு. பாவம் இதுங்க. திருப்புங்க... இல்ல, ஒண்ணும் வரலை... இன்னும் இல்ல... கொஞ்சம் வருது. மூச்சு விடற மாதிரி. இன்னும் திருப்புங்க. வருது. வருது தம்பி. ஜன்னல் துணி ஆடுது. போதும்னு சொல்லலை, இன்னும் திருப்புங்க, முழுசா. எபியோட பேப்பர் எல்லாம் பறக்குது. ஆகா. கையை எடுக்க மனசு வரலை. இவ்வளவு காத்தையா நான் பிடிச்சு வச்சிருந்தேன்.

ஏன் தம்பி, இங்க தரையில என்னமோ சாக்பீஸால கட்டம் போட்டிருக்கு. நேரா காத்து விழற இடத்துல. சுத்தி அவங்க பாய் சுருட்டி வச்சிருக்கு, இந்த இடத்தை மட்டும் விட்டிருக்காங்க. இருங்க, கண்ணாடி இல்ல... "தாத்தா"ன்னு எழுதியிருக்கு. எபி கையெழுத்து. பி.டி. மாஸ்டர் பேரன்ல, கிரவுண்டு மார்க் பண்ணியிருக்கான். கோடு கொஞ்சம் கோணல். நான்னா கயிறு பிடிச்சு நேரா போட்டிருப்பேன்.

எப்பலேருந்து இருக்கு இது?

சவுரிமுத்து? என்ன சத்தத்தையே காணோம்? தம்பி, ஏணியை மடிச்சு ஸ்டோர்ல வச்சிருங்க, அவங்க வர்றதுக்குள்ள. கேட்டீங்களா? தம்பி?

போயிட்டீங்களா?

கேட்டு சத்தம் கேக்குது. இருங்க, ஜன்னல் வழியா பாக்கறேன். மணி மூணரை கூட ஆகலை, அதுக்குள்ள வந்துட்டாங்க. ஜெரூஷாதான். சவுரிமுத்து வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கிட்டு அவகிட்ட என்னமோ சொல்றான். கையை இப்படித் திருப்பிக் காட்டறான். அவ சிரிக்கறா. எதுக்குச் சிரிக்கறா? ஆச்சரியமே படலையே அவ. டேய் சவுரிமுத்து, கிரில்லுக்கு அந்தப் பக்கம் உக்காந்து கேட்டவன் வெளிய சொல்லக்கூடாதுடா...

போயிட்டான். கையை வேற ஆட்டிட்டுப் போறான்.

காலேப் தலையில என்னது அது? நாற்காலி. கை வச்ச நாற்காலி, நல்ல உயரம், முழங்கால் மடங்காம உக்கார்ற மாதிரி. கால்ல எல்லாம் இன்னும் பிளாஸ்டிக் சுத்தியிருக்கு. பெருங்களத்தூர்ல ஃப்ளாட் பாக்கப் போனவன் எதுக்கு நாற்காலி தூக்கிக்கிட்டு வர்றான்? மேல வர்றாங்க. நான் இப்ப இறங்கவும் முடியாது, படியில நேருக்கு நேரா...

வாம்மா ஜெரூஷா. சும்மாதான் வந்தேன். காத்து வருதான்னு பாக்க. மெக்கானிக் கூப்பிட்டாரு. இல்லம்மா, வலி இருக்கு, வலியோடதான் ஏறினேன். ஏணியா? ஹால்லயா? அது அந்த மெக்கானிக்கோடதும்மா. மறந்துட்டுப் போயிருப்பாரு...

என்ன சொல்ற? போன ஞாயித்துக்கிழமை கோயில்லயா? பாட்டு நம்பர் பாக்க என் பையைத் திறந்தியா? நான் அப்ப காணிக்கை எடுக்க எழுந்து போயிருந்தேன்ல. சரி. கைப்பிடியைப் பாத்துட்ட. அன்னிக்கே கேக்க வேண்டியதுதானே. ஒரு வாரம் வேர்த்துக்கிட்டே படுத்திருந்தியா, நானா சொல்வேனான்னு பாக்க? அப்ப சவுரிமுத்து நம்பரை என்கிட்ட கொடுக்கறதுக்கு முன்னாடியே அவன்கிட்ட ஸ்க்ரூ அளவு சொன்னது நீதானா? அதான் ஆளு வாயையே திறக்கலை. அப்ப பெருங்களத்தூர் ஃப்ளாட்டு? போகவே இல்லையா? குரோம்பேட்டைக்கா போனீங்க, நாற்காலி வாங்க?

பேங்க்ல வேலை பாக்கற பொண்ணுகிட்ட நான் போட்டி போட்டிருக்கக் கூடாது.

சிரிக்காதடா காலேப், இடுப்புப் பிடிச்சுக்கும். அங்க இல்ல, இங்க போடு. எபி, உன் கட்டத்துக்குள்ளயே போடச் சொல்லு. நாலு காலும் கோட்டுக்கு உள்ள இருக்கணும். பின்னால ஒரு கால் வெளிய இருக்கு பாரு, அவுட்டு. இன்னும் கொஞ்சம்... ம், இப்ப சரி.

நல்லாத்தான் இருக்கு. முதுகுக்கும் இதமா இருக்கு. எட்டு மணி ஆக இன்னும் எவ்வளவோ நேரம் இருக்குன்னு தெரியும்மா. நான் எங்கயும் போகலை. யாராவது கீழ போய் அந்தப் பாயை மட்டும் மேல எடுத்துட்டு வாங்க. அப்படியே அந்த ஏணியையும் மடிச்சு வச்சிருங்க. என்னால படி இறங்க முடியாது, முழங்கால் வலி.